குற்றத் தொடர்களில் துப்பறியும் அதிகாரியின் மனம்: உணர்ச்சியும் முன்முடிவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களை ஊன்றிப் பார்ப்பவர்களும், அப்படி ஒன்றை எழுத உட்காருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தொடரில் வருவதை நிஜப் புலனாய்வோடு ஒப்பிட்டே பதில் சொல்லியிருக்கிறோம்.

அதிகாரி கத்துகிறார், மேசையைத் தட்டுகிறார், சட்டையைப் பிடிக்கிறார். உணர்ச்சி விசாரணையைக் கெடுப்பது இப்படித்தானா?

இப்படியும் கெடும். ஆனால் இது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கெடுதல். கூட இருப்பவர் தடுப்பார், மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டிப்பார், வக்கீல் நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்வார். கேஸை உண்மையில் கவிழ்ப்பது யார் கண்ணிலும் படாத வகை: கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, ‘இது முக்கியமில்லை’ என்று அடியில் வைத்த ஒரு அறிக்கை, ஒருவரிடம் இரண்டு மணி நேரமும் இன்னொருவரிடம் பத்து நிமிடமும் பேசியது. அந்த நேரத்தில் அதிகாரியின் முகம் அமைதியாகத்தான் இருக்கும். தான் நிதானமாக இருப்பதாகவே அவரும் நம்புவார். நல்ல தொடரை அடையாளம் காண வேண்டுமானால் இந்த அமைதியான இடங்களைக் கவனியுங்கள்.

முன்முடிவு எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது?

பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், கிடைத்த முதல் தகவலோடு. அதற்குப் பிறகு நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் இருக்கும். முதலில் ஒரு பெயரோ ஒரு கருதுகோளோ வாய்ப்பேச்சாக வரும். அதை ஒட்டி ஆட்களை அனுப்புவார்கள். அனுப்பிய இடத்திலிருந்துதான் தகவல் வரும் என்பதால், அந்தப் பெயரைப் பற்றி மட்டும் கோப்பு தடிக்கும். கோப்பு தடிமனாக இருப்பதே ஆதாரம் மாதிரித் தோன்றும். எதிராக ஏதாவது வந்தால் அதற்கு விளக்கம் கண்டுபிடிப்பார்கள். சாதகமாக வருவதை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

2002 அக்டோபரில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் மறைந்திருந்து சுட்டவர்களின் கேஸ் இதற்குத் தெளிவான உதாரணம். ஆரம்பச் சாட்சிகள் வெள்ளை நிற வேன், வெள்ளை லாரி என்று சொன்னார்கள். அது செய்தியில் வந்தது. வந்ததும், அடுத்தடுத்த இடங்களில் நின்ற சாட்சிகளும் வெள்ளை வேனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எந்தத் தெருவிலும் ஒரு வெள்ளை வேன் நிற்கத்தான் செய்யும். மூன்று வாரத்தில் 10 பேர் இறந்தார்கள். கடைசியில் பிடிபட்டவர்கள் வந்தது ஒரு நீல நிற ஷெவர்லே கப்ரீஸ் காரில். அந்த நாட்களிலேயே போலீஸார் அந்தக் காரின் எண்ணைப் பலமுறை சரிபார்த்துவிட்டுப் போக விட்டிருந்தார்கள். அவர்கள் தேடியது அது அல்லவே.

அனுபவசாலிக்கு இது நடக்காது இல்லையா?

அனுபவசாலிக்கு வேறு விதமாக நடக்கும். புதியவர் தயங்கித் தயங்கித் தப்பு செய்வார், அனுபவசாலி வேகமாகச் செய்வார். ‘இந்த மாதிரி நூறு கேஸ் பார்த்திருக்கிறேன்’ என்பது தொடரில் பெருமையான வசனம். அந்த நூறில் எத்தனையில் தன் முதல் எண்ணம் பிழையானது என்று அவர் எங்கும் குறித்துவைத்திருக்க மாட்டார். அதனால் அனுபவம் அவருக்கு நம்பிக்கையைக் கூட்டும், திருத்தத்தைக் கூட்டாது.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, ‘இதன் பின்னால் ஒரு விதி இருக்கிறது, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பாருங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று சொல்கிறேன்’ என்றார். பெரும்பாலானோர் ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று மனதில் முடிவு கட்டி 8, 10, 12 போலப் பொருந்துவதையே சொல்லிப் பார்த்தார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 2, 50 என்று தன் எண்ணத்துக்கு எதிரான ஒன்றைச் சொல்லிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியவந்திருக்கும். விசாரணையில் 1, 2, 50 என்பது ‘இவன் செய்யவில்லை என்றால் நமக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும்?’ என்ற கேள்வி. உங்கள் தொடரில் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார், எத்தனையாவது எபிசோடில் கேட்கிறார் என்று பாருங்கள்.

எந்த உணர்ச்சி அதிகம் கெடுக்கும்? கோபமா, பரிதாபமா?

ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் கெடுக்கும்.

கோபம் அவசரத்தைக் கொடுக்கும். ஒரு ஆளைக் குற்றவாளியாக நினைத்துவிட்டால் அவனுடைய நோக்கத்தைத்தான் தேடுவோம், சூழ்நிலையைத் தேட மாட்டோம். பரிதாபம் சாட்சியைச் சோதிக்க விடாது. மகளை இழந்த தாய் சொல்லும் நேரத்தை ‘நிஜமாகவே ஏழு மணியா?’ என்று இரண்டாம் முறை கேட்க வாய் வராது. அந்த ஒரு மணி நேரப் பிழையால் வேறு ஒருவருடைய அலிபி, அதாவது அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்பதற்கான சான்று, உடைந்துபோகும். குற்ற உணர்வு, அதாவது ‘முதல் புகாரை நான் சரியாக எடுத்திருந்தால் அந்தப் பெண் உயிரோடு இருப்பாள்’ என்பது, யாரையாவது சீக்கிரம் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற வேகமாக மாறும்.

எங்கள் கணிப்பில் தொடர்கள் போதுமான அளவு தொடாதது தன்மானம். 1979 ஜூனில் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் தொடர் கொலைகளை விசாரித்த ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்கு ஒரு ஒலிநாடா வந்தது. பேசியவன் தன்னைக் கொலைகாரன் என்று சொல்லி, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே கேலி செய்தான். ஓல்ட்ஃபீல்டு அதை நம்பினார். குரலில் இருந்த வட்டார உச்சரிப்பை வைத்து, அப்படிப் பேசாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எளிதாக நீக்கத் தொடங்கினார்கள். உண்மைக் கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப் அப்படிப் பேசுகிறவன் அல்ல. மொத்தத்தில் அவனைப் போலீஸார் ஒன்பது முறை விசாரித்திருக்கிறார்கள். ஒலிநாடா வந்த பிறகு மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1981 ஜனவரியில் அவன் பிடிபட்டதும் வேறு ஒரு சாதாரண வாகனச் சோதனையில்தான். நாடாவை அனுப்பிய ஏமாற்றுக்காரனுக்கு 2006இல்தான், டி.என்.ஏ மூலம் அடையாளம் காணப்பட்டு, தண்டனை கிடைத்தது.

பாதிக்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்து விசாரணை மாறுமா?

மாறும். மேலே சொன்ன யார்க்‌ஷயர் கேஸிலேயே அதுவும் இருக்கிறது. கொலைகாரன் பாலியல் தொழில் செய்யும் பெண்களை மட்டுமே தாக்குகிறான் என்று முதலில் முடிவு கட்டியதால், அந்த வரையறைக்குள் வராத பெண்கள் தாக்குதலிலிருந்து பிழைத்து வந்து சொன்னவை அந்தக் கொலை வரிசையோடு சேர்க்கப்படவில்லை. பிழைத்தவர்கள் சொல்லி வரைந்த முகங்களில் சில அவனுக்கு நன்றாகவே பொருந்தின.

தொடரில் இதைக் காட்ட வசனம் வேண்டியதில்லை. காணாமல்போன இரண்டு பெண்களின் கோப்புகளை அருகருகே வைத்துக் காட்டினால் போதும். ஒன்றில் நாற்பது பக்கம், இன்னொன்றில் மூன்று பக்கம்.

முகத்தைப் பார்த்தே ‘பொய் சொல்கிறான்’ என்று கண்டுபிடிக்கும் அதிகாரிகள் நிஜத்தில் உண்டா?

இதை நம்ப வேண்டாம். உளவியலாளர்கள் சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006இல் 24,000க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொன்னதில் சராசரியாக 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டால் 50 வரும். போலீஸ் வேலையில் இருப்பதாலும் இது குறிப்பிடும்படி உயர்வதில்லை. உயர்வது ‘எனக்குத் தெரியும்’ என்ற உறுதி மட்டுமே.

கண்ணைப் பார்க்காமல் பேசுவது, வியர்ப்பது, துக்கத்தில் அழாமல் இருப்பது எல்லாம் பயத்திலும் அதிர்ச்சியிலும் கூச்சத்திலும் வரும். அழாத கணவனை முதல் எபிசோடிலேயே சந்தேகிக்கும் அதிகாரியை எழுதினால், அது அவருடைய பலவீனமாகவே கதையில் நிற்க வேண்டும். கடைசியில் அது சரி என்று ஆகிவிட்டால், பார்க்கும் லட்சம் பேருக்கு ஒரு தவறான பாடம் போய்ச் சேரும். ஜூரி முறை உள்ள நாடாக இருந்தால், அவர்களில் யாராவது ஒருவர் நாளை ஜூரியில் உட்காரலாம்.

செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்வான்? கொலையாளிக்கு மட்டுமே தெரிந்த விவரத்தையும் சொல்கிறானே?

அந்த விவரம் அவனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். விசாரணை அறையில் மூன்றாவது மணி நேரம். அதிகாரிக்கு ஆள் இவன்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

“எதால அடிச்ச?”

“நான் அடிக்கல சார்.”

“கையாலயா, கம்பியாலயா? அதை மட்டும் சொல்லு, வீட்டுக்குப் போகலாம்.”

“...கையால.”

“யோசிச்சுச் சொல்லு.”

“கம்பியால சார்.”

“எங்க அடிச்ச?”

“தலைல.”

“தலைல எங்க? முன்னாடியா?” அதிகாரி பேனாவைக் கீழே வைக்கிறார், எழுதவில்லை. “பின்னாடியா?”

“பின்னாடி.”

இப்போது எழுதுகிறார்: ‘இறந்தவரின் பின்தலையில் இரும்புக் கம்பியால் தாக்கியதாகச் சந்தேக நபர் தாமாக முன்வந்து தெரிவித்தார்.’ அவர் வேண்டுமென்றே பொய் எழுதவில்லை. சரியான பதிலுக்குப் பேனா நகர்ந்ததும் தவறான பதிலுக்கு நின்றதும் அவருக்கே தெரியாது. மூன்று மணி நேரத்தையும் ஒலி ஒளிப்பதிவு செய்திருந்தால்தான் பிறகு வருபவர் இதைக் கண்டுபிடிப்பார். கடைசி இருபது நிமிட வாக்குமூலத்தை மட்டும் பதிவு செய்வது, பதிவே இல்லாததைவிட ஆபத்து.

1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில் 14 முதல் 16 வயது வரையிலான சிறுவர்கள் நீண்ட விசாரணைக்குப் பிறகு தங்களையே குற்றத்தில் சேர்த்துப் பேசினார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு நேரத்திலும் இடத்திலும் முரண்பட்டது. கிடைத்த டி.என்.ஏ அவர்களில் யாருடையதும் இல்லை. அப்படியும் தண்டனை வந்தது. 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு டி.என்.ஏவும் பொருந்திய பிறகே ஐந்து பேரின் தண்டனையும் ரத்தானது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990களின் தொடக்கத்தில் விசாரணை முறையையே மாற்றினார்கள். ஒப்புதல் வாங்குவது நோக்கமல்ல, தகவல் வாங்குவதே நோக்கம். முதலில் தயாரிப்பு, அடுத்து எதற்காகக் கூப்பிட்டோம் என்ற விளக்கம், பிறகு அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் முழுதாகக் கேட்பது, அதன் பின்னரே முரண்பாடுகளை எடுத்து வைப்பது, கடைசியில் மதிப்பீடு. திரையில் இது சப்பென்று இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. முழுக் கதையையும் அவன் வாயாலேயே சொல்ல விட்டு, கடைசியில் ஒரே ஒரு பேருந்துச் சீட்டை மேசை மேல் வைக்கும் காட்சியில் இருக்கும் இறுக்கம், கத்தும் காட்சியில் கிடைக்காது.

சாட்சி ‘இவன்தான்’ என்று உறுதியாகக் கை நீட்டினால் போதாதா?

அந்த உறுதி எப்போது வந்தது என்பதுதான் விஷயம். 1984இல் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், வரிசையாக வைத்த புகைப்படங்களில் சில நிமிடம் தயங்கி, ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். பிறகு, சரியாகச் சொன்னேனா என்று கேட்டார். நன்றாகச் செய்தீர்கள் என்று விசாரணையாளர் ஆறுதலாகப் பதில் சொன்னார். இரக்கத்தில் வந்த அந்த வார்த்தைகள் தயக்கத்தை அழித்துவிட்டன. நீதிமன்றத்துக்கு வரும்போது அவரிடம் சந்தேகமே மிச்சமில்லை. காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 1995இல் டி.என்.ஏ மூலம் விடுதலையானார். அமெரிக்காவில் டி.என்.ஏ மூலம் குற்றமற்றவர் என்று நிரூபணமானவர்களின் வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில் தவறான சாட்சி அடையாளம் இருந்திருக்கிறது.

முறையாகச் செய்வது கடினமல்ல. அடையாள அணிவகுப்பை நடத்துபவருக்குச் சந்தேக நபர் யார் என்றே தெரியக்கூடாது. கூட நிற்பவர்கள் குறைந்தது ஐந்து பேர், சாட்சி சொன்ன அடையாளத்துக்கு ஒத்தவர்களாக இருக்க வேண்டும். சாட்சி ‘தாடி’ என்று சொல்லியிருக்க, ஒருவருக்கு மட்டும் தாடி இருந்தால் அணிவகுப்பே செல்லாது. ‘அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காட்டியவுடனே, வேறு யாரும் எதுவும் பேசும் முன், எவ்வளவு உறுதி என்று சாட்சியின் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேள்வியில் ஒரு சொல் மாறினாலே நினைவு நகரும். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் 1974இல் நடத்திய ஆய்வில், ஒரே மாதிரிக் கார் விபத்துக் காட்சிகளைப் பார்த்தவர்களில், கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். ‘தொட்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 என்றார்கள்.

தடயவியல் ஆய்வகத்துக்கு உணர்ச்சி கிடையாதே. கைரேகை பொய் சொல்லுமா?

ரேகை சொல்லாது. ரேகையைப் படிப்பவர் மனிதர். 2004 மார்ச்சில் ஸ்பெயினின் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு மங்கலான ரேகை கிடைத்தது. எஃப்.பி.ஐ கணினி அதற்கு 20 பேரை உத்தேசமாகக் காட்டியது. அதில் ஒருவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டு. எஃப்.பி.ஐ நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பொருந்துகிறது என்றார்கள். முதலாமவர் சொன்னது இரண்டாமவருக்குத் தெரியும். அமெரிக்க நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் பின்னர் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றையும் சுட்டியது. மேஃபீல்டின் தெளிவான ரேகையை முதலில் பார்த்துவிட்டு, அதில் இருந்த நுணுக்கங்களை மங்கலான ரேகையில் திரும்பிப் போய்த் ‘கண்டுபிடித்திருக்கிறார்கள்’. பொருந்தாத பகுதிகளுக்கு வேறு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரலிலேயே ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று சொன்னது. அதையும் மீறி மே மாதத்தில் அவரைக் கைது செய்தார்கள்.

உளவியலாளர் இட்டியேல் டிரோர் குழு 2006இல் வெளியிட்ட சிறு சோதனையையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஐந்து நிபுணர்களிடம், அவர்களே முன்பு ‘பொருந்துகிறது’ என்று முடிவு சொன்ன ரேகைகளைக் கொடுத்து, இது மேஃபீல்டு வழக்கின் பிழையான ஜோடி என்று சொன்னார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

சரியான வரிசை இது: சம்பவ இடத்து ரேகையை மட்டும் முதலில் ஆராய்ந்து, தெரியும் நுணுக்கங்களைக் குறித்துப் பூட்டிவிட வேண்டும். பிறகே சந்தேக நபரின் ரேகையைத் திறக்க வேண்டும். இரண்டாம் நிபுணருக்கு முதல் முடிவு தெரியக்கூடாது. ‘ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான், நீங்கள் உறுதி செய்தால் போதும்’ என்று ஆய்வகத்துக்குப் போன் செய்யும் அதிகாரி தொடர்களில் சாதாரணமாக வருகிறார். அந்த ஒரு போன் போதும், அறிக்கையின் மதிப்பு போய்விடும்.

தன் சொந்தக்காரர் கொலையானால் அதே அதிகாரி விசாரிப்பாரா?

மாட்டார். உறவோ நட்போ பகையோ இருந்தால் எழுத்தில் தெரிவித்து விலக வேண்டும். விலகியவர் கோப்பைத் திறந்து பார்த்தாலே ஒழுங்கு நடவடிக்கை வரும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஆயுதம் கிடைக்கும். எழுதுபவர்களுக்கு ஒரு யோசனை: சொந்தத் தங்கையை விட, தங்கையை நினைவூட்டும் ஒரு அந்நியப் பெண் கதைக்கு வலுவானவள். அதற்கு விலகல் படிவம் கிடையாது.

தூக்கமில்லாமல் இரவெல்லாம் கோப்பு புரட்டும் அதிகாரி கெட்டிக்காரரா?

1997இல் வந்த ஒரு ஆய்வின்படி, 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது. களைத்த மனம் புதிய விளக்கம் தேடாது, கையில் இருக்கும் விளக்கத்தையே பிடித்துக்கொள்ளும். விடியற்காலை நான்கு மணிக்குச் சுவரில் நூல் கட்டிப் புகைப்படங்களை இணைப்பவர் தன் முன்முடிவைத்தான் அலங்கரித்துக்கொண்டிருப்பார்.

முன்முடிவைத் தடுக்க நிஜத்தில் என்ன செய்கிறார்கள்?

‘கவனமாக இருங்கள்’ என்று சொல்வதால் பயனில்லை. நடைமுறை வேண்டும். பிரிட்டனில் கொலை விசாரணைத் தலைமை அதிகாரி ஒரு முடிவுப் பதிவேடு வைத்திருப்பார். ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் தேதி, நேரம், அந்த நேரத்தில் தெரிந்திருந்தவை, காரணம், கைவிட்ட மாற்று வழி எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருவரைச் சந்தேகத்திலிருந்து நீக்கினாலும் எதை வைத்து நீக்கினோம் என்று எழுத வேண்டும். ‘குரல் பொருந்தவில்லை’ என்று எழுதிப் பார்த்தால்தான், அந்தக் குரல் கொலைகாரனுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழும். தேங்கிய கேஸை விசாரணையில் இல்லாத வேறு அதிகாரி முதலிலிருந்து படிப்பதும் உண்டு.

என் திரைக்கதையில் முன்முடிவை எப்படி வைப்பது?

இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய ஒரே ஒரு உண்மையைத் தேர்ந்தெடுங்கள். கொலை நடந்த இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சட்டை துவைத்தான் என்று வையுங்கள். 45 நிமிட எபிசோடில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஈரச் சட்டையை முழுதாகக் காட்டிவிடுங்கள், எதையும் மறைக்காதீர்கள். அதிகாரி ரத்தக் கறை என்று நினைக்கட்டும், பார்ப்பவரும் நினைக்கட்டும். ஆய்வகத்தில் கறை கிடைக்கவில்லை என்று வந்ததும், ‘அதுதான் நன்றாகத் துவைத்திருக்கிறானே’ என்று அதிகாரி சொல்லட்டும். ஆதாரம் இல்லாததே ஆதாரமாக மாறும் கணம் அது. அங்கே பின்னணி இசை வேண்டாம். நாற்பதாவது நிமிடத்தில் புதிதாக வந்த இளநிலைக் காவலர் அவனிடம், “ராத்திரி ஏன் துவைச்சீங்க?” என்று கேட்கிறார். “குழந்தை வாந்தி எடுத்துடுச்சு மேடம்” என்கிறான். அதுவரை யாரும் கேட்கவில்லை.

பெரும்பாலான முதல் வரைவுகளில் நடக்கும் தவறு, முன்முடிவு உள்ள அதிகாரியைக் கெட்டவராக எழுதுவது. அவர் உழைப்பாளியாகவும் அன்பானவராகவும் இருந்தால்தான் பார்ப்பவர் அவரோடு சேர்ந்து தவறுவார்.

கடைசி எபிசோடில் அதிகாரி தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது நம்பும்படி இருக்குமா?

அவராக உணர்ந்து கேட்பதாக எழுதினால் நம்புவது கடினம். ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது பிழை என்று ஏற்பது, தன்னைப் பற்றி இத்தனை ஆண்டு நம்பியதைக் கைவிடுவது. டி.என்.ஏ வேறு ஆளைக் காட்டிய பிறகும் ‘இவனும் கூட இருந்திருப்பான்’ என்று வாதாடிய அதிகாரிகளும் அரசு வக்கீல்களும் உண்டு. மறுக்க முடியாத ஒன்று வெளியிலிருந்து வந்து நிற்கும்போதுதான் பெரும்பாலும் மன்னிப்பு வரும். மேஃபீல்டு விஷயத்தில் ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று பெயரோடு அறிவித்தது. மேஃபீல்டு மறுநாள்தான் வெளியே வந்தார். எஃப்.பி.ஐ மன்னிப்புக் கேட்டது, 2006இல் அமெரிக்க அரசு அவருக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது.